மாதிரி உடல்

வாதத்தில் ஜெயித்த பிறகுதான், தான் மாட்டிக்கொண்டது செலினுக்குத் தெரிந்தது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெயர் மன்றத்தின் அந்த நீண்ட அறையில் அவளுக்கு நல்லது நினைப்பவர் ஒருவர்கூட இல்லை என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நன்றாகத்தான். எதிரே பரிசோதகர் நாற்காலியில் சங்கரபாகம். கடல் உயிர்களை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் தமிழ்நாட்டில் ஒரே வேனில் அடங்கிவிடுவார்கள். அந்த வேனிலும் செலினும் சங்கரபாகமும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார மாட்டார்கள். அவள் முதன்முதலாகக் கண்டுபிடித்த திருக்கை இனத்தை, புதிதல்ல, பழையதுதான் என்று எழுதிக் குப்பையில் போட்டவர் அவர். அன்றிலிருந்து அவள் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. அவரும் எதிர்பார்ப்பதில்லை.

பக்கவாட்டில் நீலாழி நிறுவனத்தின் வக்கீல் யாமினி உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிக்குக் கிழக்கே ஆழ்கடலில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தோண்டி கோபால்ட் எடுக்க நீலாழிக்கு உரிமம் கிடைத்துவிட்டது. தை பிறந்தால் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். குறுக்கே நின்றது ஒன்றுதான். அந்தப் பள்ளத்தில் செலினின் ரம்பச்சுறாக்கள் இருந்தன.

பெயர்ச் சட்டம் வந்த பிறகு நிலைமை இதுதான்: ஓர் இடத்தில் மட்டும் வாழும் உயிருக்கு முறையான பெயர் விழுந்துவிட்டால், அந்தக் கடலடியை ஒரு தலைமுறைக் காலம் யாரும் தொடக்கூடாது. பெயர் விழாத உயிர், சட்டத்தின் பார்வையில் சேற்றோடு சேர்த்தி. அந்தப் பெயர் இருக்கும் காலமெல்லாம் அந்த உயிரும் இருக்க வேண்டுமா என்று கேட்க, சட்டம் எழுதியவர்கள் மறந்துபோனார்கள்.

“ஒரு சுறாவைத் தனியா எடுத்துப் பார்த்தா நீங்க சொல்றது சரிதான்,” என்றாள் செலின். “செவுள், மீசை, பல்லு, மரபணு எல்லாமே ஏற்கெனவே பேர் வெச்ச பழைய இனம். நான் மறுக்கலை. ஆனா இந்தப் பள்ளத்துல எதுவும் தனியா வாழலை.”

திரையில் படம் ஓடியது. இயந்திரக் கேமரா இறங்கி எடுத்த படம். வெளிச்சம் புகாத ஆழத்தில், மணல்மேல், நாற்பதோ ஐம்பதோ ரம்பச்சுறாக்கள் வட்டமாகக் கிடந்தன. எல்லாவற்றின் தலையும் உள்பக்கம், வால் வெளிப்பக்கம். ஒவ்வொன்றின் மூக்கிலிருந்தும் நீண்ட ரம்பம், அடுத்ததன் ரம்பத்தோடு, இரண்டு சீப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகியதுபோல் பிணைந்திருந்தது.

“இதுல நாலஞ்சு மட்டும்தான் இரை தேடப் போகுது. திரும்பி வந்து மத்ததுக்கு ஊட்டுது. சிலது நீரோட்டத்தைப் பார்த்துக்கிட்டே கிடக்குது, வேற வேலையே இல்லை. சிலது குட்டி போட மட்டும்.”

“எறும்புப் புத்துலயும் அப்படித்தான்,” என்றார் சங்கரபாகம். “புத்துக்கு யாரும் பேர் வைக்கலியே. எறும்புக்குத்தான வச்சிருக்கு?”

“எறும்பைப் புத்துல இருந்து எடுத்தாலும் எறும்புதான் சார். இது அப்படி இல்லை. பல்லும் பல்லும் செருகியிருக்கு பாருங்க, அது வழியா மின்துடிப்பு ஓடுது. இந்தப் பக்கம் ஒண்ணைத் தொட்டா, எதிர்ப்பக்கம் கிடக்கறது வாலை இழுத்துக்குது. நம்ம உடம்புல நரம்பு செய்யற வேலையை அங்க ரம்பம் செய்யுது. ஒவ்வொரு சுறாவும் ஒரு உயிர்னு எண்ணினா தப்பு. வட்டம்தான் உயிர். சுறா அதுக்கு விரல் மாதிரி.”

சங்கரபாகம் படத்தைத் திரும்ப ஓட்டச் சொன்னார். பிறகு மறுபடியும் ஓட்டச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் விலைபோகிறவர் இல்லை என்பதுதான் செலினுக்கு அவரிடம் பிடிக்காத விஷயங்களிலேயே முதல் விஷயம். லஞ்சம் வாங்கினார் என்று சொல்லித் திட்டக்கூட வழியில்லை.

“ஒத்துக்கிடுதேன்,” என்றார். “வட்டம்தான் உயிர். புது இனம். பேர் வாங்கத் தகுதி இருக்கு.”

செலின் திரும்பி யாமினியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் தொங்கிப்போவதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் யாமினி சங்கரபாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த வாக்கியம் என்ன என்று தெரிந்தவள்போல.

“மாதிரி உடலை எப்பக் குடுப்பீங்க?” என்று கேட்டார் அவர்.

மாதிரி உடல் இல்லாமல் பெயர் இல்லை. புதிய இனம் என்று எதைச் சொன்னாலும், அதில் ஒன்றைக் கொன்று, பதப்படுத்தி, அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். பெயர் அந்த உடலோடுதான் கட்டப்பட்டிருக்கும். நாளைக்கு எவன் வந்து சந்தேகம் கிளப்பினாலும் அந்த உடலைப் பார்த்துத்தான் தீர்ப்பு. செலினே எத்தனையோ உயிர்களைப் புட்டியில் அடைத்து, மூடி போட்டு, திருப்தியாகக் கை கழுவியவள்தான்.

“எங்க தொட்டியில ஒண்ணு இருக்கு சார். அதை…”

“அது விரல்னு இப்பத்தான சொன்னீங்க? அந்த ஒத்தை விரலைப் பார்த்தா எனக்குப் பழைய இனம்தான் தெரியும். உங்க வாதமே ரம்பத்தோட ரம்பம் சேருததுலதான் நிக்குது. அந்தச் சேர்க்கைதான் எனக்கு வேணும். முழு வட்டமும், ரம்பத்தோட.”

“முழு வட்டமும்னா எல்லாத்தையும் கொல்லணும்.”

“ஆமா.”

“உலகத்துலயே இது ஒண்ணுதான் சார் இருக்கு.”

“விதியை நான் எழுதலை, செலின்.”

அப்போது யாமினி எழுந்தாள். குரலில் ஈரம் சொட்டியது. “அந்த அபூர்வ உயிரைக் கொல்லக் கூடாதுங்கறதுதான் எங்க நிறுவனத்தோட நிலைப்பாடு. ஒரு பேருக்காக ஒரு இனத்தையே அழிக்கறது அநியாயம். இதை நாங்க மக்கள்கிட்ட கொண்டு போவோம்.”

மறுநாள் ஊர் முழுக்கச் சுவரொட்டி. நீலப் பின்னணியில் சுறாக்கள் தலை சேர்த்துக் கிடக்கும் வட்டம், கீழே ‘வட்டத்தை வாழ விடு’. மொத்தப் பள்ளத்தையும் அதிலிருக்கும் வட்டத்தோடு சேர்த்து இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கப் போகிறவர்கள் ஒட்டிய சுவரொட்டி அது. செலின் தன் ஆய்வுக்கூடத்துச் சுவரில் இருந்ததை நகத்தால் கிழித்தாள். முழுசாக வரவில்லை.

*

தொட்டியில் இருந்த சுறா, இரை தேடத் தெரியாத ரகம். மீனை வெட்டி மூக்குக்கு முன்னால் போட்டாலும் திரும்பிப் பார்க்காது. செலின்தான் குழாய் வழியாக அதற்கு உணவு செலுத்தி வந்தாள். எப்போதும் பள்ளம் இருக்கும் திசையில், தென்கிழக்கு மூலையில், ரம்பத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். தொட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள், அதுவும் திரும்பிக்கொண்டு அதே திசைக்கு வந்துவிட்டது.

அதைப் பிடித்த நாளை அவளால் மறக்க முடியவில்லை. இயந்திரத்தின் சிறு வலை ஒரே ஒரு சுறாவை மட்டும் வாரிக்கொண்டு மேலே வந்தது. சற்று நேரத்தில் கேமராவில் அடியிலிருந்து நிழல்கள் எழும்பின. வட்டம் முழுவதும் அதைத் தேடி மேலே வந்துகொண்டிருந்தது. வெளிச்சமே பட்டிராத கண்களோடு, நீர் நீலமாகும் உயரம் வரைக்கும் வந்தன. பிறகுதான் தயங்கித் தயங்கி இறங்கின. அதற்குப் பிறகு எப்போது கேமரா அனுப்பினாலும் வட்டத்தில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. இரண்டு பக்கத்து ரம்பங்களும் அந்த இடைவெளியை நோக்கி நீண்டிருந்தன. நெருங்கி உட்கார்ந்து அடைத்துக்கொள்ள அவற்றுக்குத் தெரியவில்லை, அல்லது மனமில்லை.

இதைப் பார்த்தவள் எப்படி விஷம் கலந்த வலையை அனுப்புவாள்? முடியாது என்று மன்றத்துக்குச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே அண்ணன் ஆமோஸிடமிருந்து அழைப்பு வந்தது. வீட்டுக்கு வா என்றான். குரலே சரியில்லை.

ஆமோஸ், சிலுவைத்துறையில் ஆழ்கடல் படகுக்காரர்கள் சங்கத்தின் தலைவன். பள்ளத்தைத் தோண்டினால் கிளம்பும் சேறு கரையோரம் முழுக்க மீனை ஒழித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். தங்கச்சி ஒரு பேரை வைத்துக் கடலை மூடிவிடுவாள் என்று அவன் ஊர் ஊராகச் சொல்லிவைத்திருந்தான். வடக்கே வேம்பாரிலிருந்து தெற்கே மணப்பாடு வரைக்கும் அவன் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஜனங்கள் நீலாழிக்காரன் கொடுத்த வேலைகளை வேண்டாம் என்றார்கள்.

“ஏட்டி, கொல்ல மாட்டேன்னு சொன்னியாமே?” என்றான் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள்.

“ஆமா.”

“ஏன்?”

“அது ஒத்தை உசுரு அண்ணன். உலகத்துல வேற இல்ல.”

“நாங்க தெனமும் உசுரத்தான் கொல்லுதோம். நீ தின்னதும் படிச்சதும் அந்த உசுரத்தான். அப்பல்லாம் ஒனக்கு நெஞ்சு அடைக்கல?”

“அதும் இதும் ஒண்ணா?”

“சரி, வேற கேக்கேன். நீ விட்டுட்டா அவன் தோண்டுவான். தோண்டுனா ஒன் வட்டமும் சேத்துத்தான சாவும்?”

செலின் எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்தவள்தான். எப்படிப் போட்டாலும் வட்டம் சாகிறது. ஒரு கணக்கில் கடலாவது மிஞ்சுகிறது.

“சாவும்,” என்றாள். “ஆனா என் கையால சாவாது.”

ஆமோஸ் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. “ஓ! தொரசாணிக்குக் கை சுத்தமா இருக்கணும். எங்க கடல் நாறிப் போனா என்ன, எங்க புள்ளைகுட்டி பட்டினி கெடந்தா என்ன! ஒன் சீலையில ரத்தம் படக் கூடாது, அதான?”

அவன் சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யைவிடப் பாதி உண்மைக்குத்தான் கோபம் அதிகம் வரும்போலிருக்கிறது. செலினுக்குத் தலைக்கேறிவிட்டது.

“அப்ப நீங்களே போய்ப் பிடிங்க! பெரிய வீரம்லா பேசுதிய! முந்நூறு பாகம் ஆழத்துல கெடக்கு. ஆயிரங்கால் தூண்டில எறக்குங்க. ஒண்ணு மாட்டுனாப் போதும். அத உசுரோட தண்ணியில தொங்க விடுங்க. மத்ததெல்லாம் அதத் தேடி மேல வந்துரும். கூட்டமா வந்து நிக்கும். வலையப் போட்டு வாரிட்டு வாங்க. ஒங்களுக்கென்ன, மனசு உறுத்தவா போவுது!”

ஆமோஸ் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் வாயை அடைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். ஒரு மாதிரி உடலை எப்படிக் கையாள வேண்டும் என்று மாணவர்களுக்கு மணிக்கணக்கில் பாடம் எடுப்பவள் அவள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எந்தப் பக்கமாகத் தூக்க வேண்டும் எல்லாம் சொல்வாள். அன்றைக்கு அண்ணனிடம் பிடிக்கும் வழியை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

*

அடுத்த வாரம் ஒரு நண்பகலில் ஆமோஸ் போன் செய்தான். பின்னால் வேட்டுச் சத்தம் கேட்டது.

“ஏட்டி, தொறைக்கு வா. ஒன் சாமானெல்லாம் கொண்டாந்து போட்டாச்சி. அந்தப் பரிசோதனைக்காரரையும் கூட்டிட்டு வா!”

அவள் போனபோது கரையில் திருவிழாக் கூட்டம். பெண்கள் வட்டிக்கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். நடுவில் பெரிய தார்ப்பாய் விரித்து, ஐஸ் பரப்பி, அதன்மேல் சுறாக்களை வைத்திருந்தார்கள். சும்மா குவித்திருக்கவில்லை. நீலாழியின் சுவரொட்டியைப் பார்த்து, அதேபோல வட்டமாக, தலை உள்ளே வால் வெளியே என்று அடுக்கியிருந்தார்கள். மரியாதையாகத்தான் செய்திருந்தார்கள். யாரோ உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கூட விட்டிருந்தார்கள்.

ஒன்றிலும் ரம்பம் இல்லை.

கண்ணுக்கு முன்னால் ஒரு விரற்கடை விட்டு, சுத்தமான ஒரே வெட்டில் எல்லாம் போயிருந்தன. மொட்டைத் தலைகள் வட்டத்தின் நடுவில் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. இப்படிப் பார்த்தால் அவை ரம்பச்சுறா என்றே சொல்ல முடியாது, ஏதோ ஒரு சுறா.

“கொம்பு எங்க, அண்ணன்?” என்று கேட்டாள்.

“கொம்பா? வெட்டி எறிஞ்சாச்சி.” ஆமோஸ் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். தூக்கமில்லாத கண்கள், ஆனால் மாப்பிள்ளை மாதிரி பூரித்துப்போய் நின்றான். “உசுரோட தளத்துல கெடந்து துள்ளுனா கணுக்கால அறுத்துரும்லா. எந்தக் கொம்பன் சுறாவயும் மேல ஏத்துனதும் மொதல் வெட்டு அங்கதான? அப்பா காலத்துலருந்தே அப்படித்தான? அப்பயும் பாரு, நம்ம ரீகன் கையக் கிழிச்சிருச்சி.”

ரீகன் கட்டுப் போட்ட கையை உயர்த்திக் காட்டினான். கூட்டம் கைதட்டியது.

“எங்க எறிஞ்சிய?”

“அங்கயேதான், ஆழத்துல. அதுல என்ன கறியா இருக்கு?” என்றான் ஆமோஸ். “நீ சொன்ன மாதிரியே வந்துச்சிட்டி. ஒண்ணத் தொங்க விட்டதும் கீழருந்து எல்லாம் வந்து, அதச் சுத்தி நின்னுது. ஓடவே இல்ல. வலைய எறக்குற வரைக்கும் அப்படியே நின்னுது.”

அண்ணனின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல் இருந்தது செலினுக்கு. கத்த வேண்டும், மண்ணை வாரி இறைக்க வேண்டும். முட்டாள், முட்டாள், எது உயிரோ அதையே வெட்டிக் கடலில் எறிந்துவிட்டு வாலையும் வயிற்றையும் கொண்டுவந்து போட்டிருக்கிறாயே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். எல்லோரும் ஆமோஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலை மீட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஆமோஸுக்கு முன் சங்கத் தலைவராக இருந்த மிக்கேல் மிராந்தாவை அவளுக்குத் தெரியும். இழுவைப்படகு வழக்கில் தேதியை மறந்து ஒரு வாய்தாவுக்குப் போகாமல் விட்டார், அவ்வளவுதான். வழக்கு தோற்றது. அவர் வீட்டு ஓடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் மகள்களைக் கேட்டு யாரும் வரவில்லை, கடைசியில் குடும்பத்தோடு அசலூருக்குப் போனார்கள். ஆமோஸுக்கும் இரண்டு பெண்கள்.

சங்கரபாகத்தின் கார் வந்து நின்றது. அவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு மணலில் இறங்கி, தார்ப்பாயை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து ஒரு வெட்டுவாயைப் பார்த்தார். நிமிர்ந்து எதையோ கேட்க வாய் திறந்தபோது செலின் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஐஸ் லாரிக்குப் பின்னால் போனாள். அவர்கள் ஒருவரையொருவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

“இங்க ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றாள்.

“ரம்பம் எங்க?”

“வெட்டிட்டாங்க. அது அவங்க வழக்கம். கடல்ல போட்டுட்டாங்க.”

“அப்ப இது செல்லாது. ரம்பம் இல்லாத வட்டத்தை வச்சு நான் எதைப் பார்த்து எழுத?”

“தெரியும்.”

“எல்லாம் செத்துப்போச்சா?”

“தொட்டியில ஒண்ணு இருக்கு. அவ்வளவுதான்.”

சங்கரபாகம் லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “என்ன மனுசங்கய்யா,” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

“உங்க தீர்ப்புல என்ன எழுதுவீங்க?”

“உள்ளதைத்தான் எழுதுவேன். பிடிச்சவங்க ரம்பத்தை வெட்டிட்டதால மாதிரி ஏற்கத்தக்கதல்லன்னு. தீர்ப்பு பேப்பர்ல வரும். அது விதி.”

“அதைப் படிச்சா இந்த ஜனம் எங்க அண்ணனை உயிரோட விடாது சார்.”

“அதுக்கு நான் பொய் எழுத முடியாது.”

“பொய் எழுதச் சொல்லலை.” அவளுக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. அதுவும் இந்த ஆளிடம். “எழுதாம இருக்க வழி இருக்கான்னு கேக்குதேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். “நீங்க சமர்ப்பிச்சாத்தான் நான் காரணம் எழுதணும். சமர்ப்பிக்கலைன்னா, ‘விண்ணப்பதாரர் மாதிரி உடலைச் சமர்ப்பிக்கவில்லை’ன்னு ஒத்தை வரி. அதுல பொய் இல்லை.”

“சரி.”

“என்ன சரி? கொண்டாந்து காலடியில போட்ட பொறவும் இவ குடுக்கலைன்னுதான் ஊர் பேசும். நீங்க விலைபோயிட்டீங்கன்னு சொல்லும்.”

“சொல்லட்டும்.”

“அவர் வெட்டுனதுக்கு நீங்க ஏன் பழி சுமக்கணும்?”

“பிடிக்கற வழியைச் சொன்னது நான்தான் சார்.”

“வெட்டச் சொல்லலியே.”

“வெட்டாதீங்கன்னும் சொல்லலை.”

சங்கரபாகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எனக்கு உங்களைப் பிடிக்காது, செலின். பிடிச்சிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்,” என்றார். பிறகு யாரிடமும் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

கார் போன திசையைப் பார்த்துக் கூட்டம் குழம்பியது. ஆமோஸ் ஓடிவந்தான். “என்னட்டி, பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போறாரு?”

செலின் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “நான் இதைச் சமர்ப்பிக்கப் போறதில்ல.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை சொன்ன பிறகு விளங்கியது. வேட்டுக்குக் கொளுத்தி வைத்திருந்த வத்தியை யாரோ மணலில் குத்தி அணைத்தார்கள்.

“ஏன்?” என்றான் ஆமோஸ்.

“இப்படிக் கொன்ன பொறவு இதுக்குப் பேரு வைக்க எனக்கு மனசில்ல.”

“ஒனக்கு மனசில்லையா? ஒனக்கு மனசில்லையா!” அவன் கத்தினான். “எத்தன பேரு உசுரக் கையில பிடிச்சிட்டுப் போய்ட்டு வந்தோம் தெரியுமாட்டி!”

“நீலாழிக்காரன் என்னத்தடி குடுத்தான்?” என்று ஒரு பெண் கேட்டாள். அதற்குப் பிறகு பல பேர் கேட்டார்கள். அவள் முதுகில் ஈர மணல் வந்து விழுந்தது, பிறகு ஓர் ஐஸ்கட்டி. அவள் ஓடவில்லை, நடந்துதான் போனாள். அவர்களை நினைத்து அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நிஜத்தைச் சொல்லி அத்தனை வாயையும் ஒரே நொடியில் அடைக்க முடியும், ஆனால் முடியாது என்கிற ஆத்திரம்.

*

தொட்டியில் இருந்த சுறா இரண்டொரு நாளில் தென்கிழக்கு மூலையை விட்டு விலகிவிட்டது. சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு நாள் காலையில் செலின் குழாயை எடுத்துவந்தபோது, அடியில் கிடந்த சாளை மீன் துண்டைத் தானே கவ்வி விழுங்கியது. பிறகு அடுத்த துண்டையும் விழுங்கியது. அவள் குழாயைக் கையில் பிடித்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மார்கழி முடிவதற்குள் சங்கரபாகம் கோப்பை மூடுவதற்காக வந்தார். தொட்டிக்கு முன் நின்று, அது சாப்பிடுவதைப் பார்த்து, பழைய இனத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தை பிறந்தது. நீலாழியின் கப்பல்கள் கிளம்பின. யாமினி பத்திரிகையாளர்களைக் கூட்டி வைத்துப் பேசினாள். ஓர் அபூர்வ இனத்தை மீனவர்கள் கொன்று குவித்தது தங்கள் நிறுவனத்துக்கு ஆறாத துயரம் என்றாள். அந்தக் கொலையைக் காட்டிப் பெயர் வாங்க மறுத்த ஒரு விஞ்ஞானியின் மனசாட்சிக்குத் தலைவணங்குவதாகச் சொன்னாள். அந்த மரியாதைக்கு அடையாளமாக, தோண்டப்போகும் பள்ளத்துக்கு அவர் பெயரையே வைப்பதாக அறிவித்தாள். செலின் கர்வாலோ கனிம வயல். வரைபடத்தில் அச்சாகிவிட்டது, இனி யார் நினைத்தாலும் மாற்ற முடியாது.

செலின் மறுத்து அறிக்கை விட்டாள். எந்தப் பேப்பரும் போடவில்லை.

அறிவிப்பு வந்த மறுநாள் ஆமோஸ் அவள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றான். இந்தக் கொஞ்ச நாளில் தாடி வளர்ந்து, வயதானவன்போல் இருந்தான். கையில் சுருட்டிய செய்தித்தாள்.

“இது ஒன் பேருதான?”

“என் பேருதான்.”

“அப்பா வச்ச பேரு.”

அவன் திட்டுவான், கை ஓங்குவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். அவன் அப்படி எதுவும் செய்யவில்லை. செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தலை நிமிராமல், சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குரலில் கேட்டான்.

“ரோசிச்சி ரோசிச்சிப் பாக்கேன். வேற ஏதும் கொறை இருந்துச்சாட்டி? நாங்க ஏதும் தப்பாச் செஞ்சிட்டமா? ஒண்ணு விடாமத்தான வாரிட்டு வந்தோம்? முழுசாத்தான கொண்டாந்தோம்?”

செலின் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஊரே வந்து கல்லெறிந்திருந்தால்கூட இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

“முழுசாத்தான் கொண்டாந்திய, அண்ணன்,” என்றாள்.

ஆமோஸ் தலையை ஆட்டிக்கொண்டான். செய்தித்தாளை அவள் காலடியில் போட்டு, அதன்மேல் காறித் துப்பிவிட்டுப் படியிறங்கிப் போனான்.